வெந்நீரில் ஒரு பிறை

அந்த லேபில் அவளுக்குப் பெயர் மெல்லிசு. ஆளைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் நல்ல பூசின உடம்பு. நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி ஒரு வார்த்தை முனகிவிட்டுத்தான் அடங்கும். அவள் வெட்டுகிற வெட்டுக்காக வந்த பெயர் அது. நோயாளியின் உடம்பிலிருந்து ஊசியால் குத்தி எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, சின்னக் கட்டையாக்கி அவளிடம் கொடுப்பார்கள். பிளாக் என்பார்கள் அதை. அவள் அதை மெஷினில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தலைமுடியை விட மெல்லிசாகச் சீவுவாள். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பன் மாதிரி இறங்கும். அந்த ரிப்பனை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டால் சுருக்கமெல்லாம் நீங்கி விரிந்து கொடுக்கும். அப்போது ஒரு கண்ணாடி ஸ்லைடை அடியில் கொடுத்து, வேண்டிய சீவலை அலுங்காமல் தூக்க வேண்டும். கேட்க என்னவோ சுலபமாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்து செய்து பார்த்தால் தெரியும், கொஞ்சம் பெருமூச்சு விட்டாலே பாதி பறந்துவிடும்.

அவளுக்கு ஒரு பயம் உண்டு. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. பல்லிக்கோ இருட்டுக்கோ பயப்படுகிறவள் இல்லை அவள். அந்தச் சதைக்குள் இருக்கிற அழகைப் பார்த்துப் பயந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மத்தியானம், யாரோ ஒருவருடைய சிறுநீரகத் துணுக்கைச் சாயம் போட்ட பிறகு மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். வெட்டு ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். உள்ளே ரோஸும் ஊதாவுமாக, வட்டத்துக்குள் வட்டமாக, ஒரு நூல் பிசகாமல் யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை. ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், உடம்புக்குள், யார் கண்ணிலும் படாத இருட்டில் இவ்வளவு வேலைப்பாடு யாருக்காக? இப்படி நினைத்த மாத்திரத்தில் அவளுக்குப் பின்கழுத்து சில்லிட்டது. முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள். சத்தியமாக நிற்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் சுவரும் காலண்டரும்தான். கும்பிடுகிற இடங்களுக்கெல்லாம் போய் வந்தவள்தான் அவளும். அங்கே ஒருநாள்கூட அவளுக்கு இப்படி ஆனதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் ஒரு வாய் இறங்கவில்லை.

அந்தச் சிறுநீரகக்காரர் பிழைக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. அதுதான் அவளைப் போட்டு உலுக்கிவிட்டது. அவ்வளவு அழகாக இருந்ததே! வந்து நின்றவருக்கு நல்லது கெட்டது தெரியாதா? போகப் போக ஒன்று அவளுக்கு உறுதியாயிற்று. வருகிறவர் நல்ல சதையிலும் வருவார், செத்துக்கொண்டிருக்கிற சதையிலும் வருவார். வந்தால் இவள் கை தானாகக் குவியும். அன்பாகத்தான் வருகிறாரா என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் தெரியவில்லை.

அடுத்த மேசையில் ஸ்லைடுகளுக்குச் சாயம் போடுகிறவருக்கு இது அரைகுறையாகத் தெரியும். விரலெல்லாம் ஊதா நிறமாகத் திரிகிற மனிதர். வாய் சும்மா இருக்காது.

"என்ன மெல்லிசு, கை குவிஞ்சு நிக்குது? உன் ஆள் வந்துட்டாரா?"

"வேலையைப் பாருங்கண்ணே."

"எனக்கும் ஒரு தடவை காட்டிக் குடேன். நானும்தான் வருஷக்கணக்கா சாயத்துல கை நனைக்கறேன், என்னை ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே!"

"நீங்க பேச்சை நிறுத்தினா ஒருவேளை வருவார்."

"அப்போ இந்த ஜென்மத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஸ்லைடுகளைத் தொட்டியில் முக்கி முக்கி எடுப்பார்.

இப்படியே ஓடிக்கொண்டிருக்கையில் மெல்லிசின் தங்கைக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது.

அக்காவும் தங்கையும் மட்டும்தான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கை ஒரு பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். ஒல்லிக்குச்சி, வாய்க்காரி, கண்ணாடியில் தன்னைப் பார்த்து ஒரு தடவை சிரிக்காமல் எந்த வேலையையும் தொடங்க மாட்டாள். அவள்தான் அன்றைக்குப் போனில் குரலே எழும்பாமல் பேசினாள்.

"அக்கா, ஊசி போட்டுச் சதை எடுத்துட்டாங்க. உங்க லேபுக்குத்தான் அனுப்பறாங்களாம். நீயே வெட்டு."

"இல்லடி, அப்படிச் செய்யற வழக்கம் இல்ல. சொந்தக்காரங்களோடதா இருந்தா வேற ஆள் கையில குடுத்துடுவோம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. என்னைத் தொடறதா இருந்தா நீதான் தொடணும். முன்னபின்ன தெரியாத ஆள் கையில என்னைக் குடுத்துடாத, சொல்லிட்டேன்."

எழுதி ஒட்டாத வழக்கம்தான். ஆனாலும் அந்த லேபில் யாரும் அதை மீறியதில்லை. சொந்த ரத்தத்தை வெட்டும்போது கை ஒரு நிலையில் இருக்காது, கண் ஒரு நிலையில் இருக்காது. பிளாக் வந்த அன்று சாயக்காரர் தானாகவே எழுந்து வந்து கையை நீட்டினார்.

"குடு, நான் வெட்டறேன். எனக்கும் வெட்டத் தெரியும். உன் கை நடுங்குது பாரு."

"நடுங்கட்டும்ண்ணே. அவ என்னைத்தான் கேட்டா."

"பிடிவாதம் பிடிச்சவ" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வரிசையில் தங்கையுடையதற்கு முன்னால் இன்னொரு பிளாக் இருந்தது. அதுவும் ஒரு பெண்ணின் மார்பிலிருந்து எடுத்த துணுக்குகள்தான். பெயரைக்கூட அவள் கவனிக்கவில்லை. எண் மட்டும்தான் பார்த்தாள். சக்கரத்தைச் சுற்றினாள், ரிப்பன் இறங்கியது, தண்ணீரில் விட்டாள். தொட்டியின் அடிப்பக்கம் கறுப்பு. அப்போதுதான் மிதக்கிறது கண்ணுக்குத் தெரியும். மெழுகு மெல்ல இளகி விரிய விரிய, அதற்குள் இருந்த சதைத் துணுக்குகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. எல்லாம் நீளநீளமான நார்கள். ஓரத்தில் மட்டும் ஒரு துணுக்கு பிறை மாதிரி வளைந்திருந்தது. உள்வளைவில் எலிப்பல் பதிந்த மாதிரி ஒரு சின்ன வெட்டு. ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் பட்டு அந்தப் பிறையின் விளிம்பில் ஓடியது. அவ்வளவுதான் நடந்தது, வேறு யார் பார்த்திருந்தாலும் ஒன்றும் தோன்றியிருக்காது.

அவளுக்குப் பின்கழுத்து சில்லிட்டது. வந்துவிட்டார். இதுவரை வந்ததிலேயே இவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றதில்லை. மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. இத்தனை வருஷமாக அவரிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. கேட்கலாமா என்றும் தெரியாது. அன்றைக்குக் கேட்டாள். 'அடுத்தது என் தங்கச்சி. அவளை ஒண்ணும் பண்ணிடாத. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், அவளை விட்டுடு.' கை குவித்தபடி எவ்வளவு நேரம் நின்றாளோ, சாயக்காரர் இருமிய சத்தத்தில்தான் நினைவு வந்தது. சட்டென்று சீவலைத் தூக்கி ஸ்லைடில் ஏற்றினாள். அடுத்து தங்கையின் பிளாக்கை மாட்டினாள். உள்ளங்கையெல்லாம் வேர்வை.

ரிப்போர்ட் வந்த அன்று பெரிய டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எல்லா ஸ்லைடுகளையும் பார்த்து முடிவு சொல்கிற அம்மா அவர். பேச்சு எப்போதும் நறுக்குத் தெறித்தாற்போல இருக்கும். அன்றைக்கு "உக்காருங்க" என்றார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை. அந்த ஒரு சொல்லிலேயே மெல்லிசுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உங்க தங்கச்சியோடது நல்லா இல்ல. சின்ன இடத்துலதான் இருக்கு, ஆனா இருக்கறது மோசமான வகை. வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அறுவை சிகிச்சைக்கு அடுத்த வாரமே நாள் குறித்துவிட்டார்கள். மார்பை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று சதை எடுத்த ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மெல்லிசு பார்லருக்குப் போனாள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வருகிறவர்களைத் தங்கை திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். நாலு பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அழுது வீங்கிய அதே முகம்.

"ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் அழகு பண்ணி அனுப்பறேன். என்னைப் பாருக்கா. என்னை அறுத்துப் போடப் போறாங்க."

"உயிர் பெருசுடி. அதை முதல்ல நினை."

"எனக்குப் பயமா இருக்குக்கா. ராத்திரி கையை வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். தூங்கினா செத்துடுவேனோன்னு தூங்கவே மாட்டேங்கறேன்." திடீரென்று அக்காவை முறைத்தாள். "நீ பாத்தியா அதை?"

"எதை?"

"எனக்குள்ள இருக்கே, அதை. உனக்குத்தான் சதையில எல்லாமே அழகாத் தெரியுமே! தூக்கி வெச்சுக் கொண்டாடுவியே! இதுவும் அழகா இருந்துச்சா? சொல்லு!"

அக்கா அதைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்துகொண்டு, சாயம் போட்ட அந்த ஸ்லைடு இருந்த பக்கமே போகாமல் ஒளிந்து திரிந்தாள். தங்கை கேட்ட பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்த ஸ்லைடைத் தேடி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். முதலில் வெறும் கொழுப்பு, நார், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழாய்கள். எந்தப் பெண்ணின் மார்பிலும் இருக்கிறதுதான். மெல்ல நகர்த்தினாள். ஓரத்தில் இருந்தது அது.

ஐயோ, எவ்வளவு அழகு! ஊதாப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக, கொத்துக்குள் வளையம் வளையமாக, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, எங்கும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிற ஒரு வேலைப்பாடு. மனுஷக் கையால் ஆகிற காரியமா இது? பின்கழுத்து சில்லிட்டது. அவள் கை தானாகக் குவிந்தது. குவிந்த கையைப் பார்த்ததும் அவளுக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்!

"என் தங்கச்சியைத் தின்னுட்டு என்கிட்டயே வந்து அழகு காட்டறியா நீ?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். ஆத்திரத்தோடு ஆத்திரமாகப் பயமும் பிடித்துக்கொண்டது. பின்னால் நிற்கிறவர் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம். ஸ்லைடைப் பிடுங்கி எடுத்துத் திரும்ப வைக்கப் போனவள், ஜன்னல் வெளிச்சத்தில் அதை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

வெறுங்கண்ணுக்கு ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னக் கீற்றுகள். ஒரு கீற்றை உரசிக்கொண்டு ஒரு பிறை. அந்தப் பிறையின் உள்வளைவில் ஒரு சின்ன வெட்டு.

இந்தப் பிறையை அவளுக்குத் தெரியும். தண்ணீரில் பார்த்தாளே, கும்பிட்டாளே! ஆனால் தங்கையின் பிளாக்கை மாட்டுவதற்கு முன்னால் அல்லவா அதைப் பார்த்தாள்?

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு. ஒரு பிளாக்கை முடித்து அடுத்ததை எடுப்பதற்கு முன்னால், தண்ணீரின் மேல்பரப்பைத் தாளால் துடைத்து எடுத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் ஒருத்தர் உடம்பிலிருந்து பிய்ந்த தூசித் துணுக்கு தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்து, அடுத்தவருடைய ஸ்லைடில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருத்தியின் நோய் இன்னொருத்தியின் தலையில் வந்து விடியும். அன்றைக்குத் துடைத்தாளா? கண்ணை இறுக மூடிக்கொண்டு யோசித்தாள். கை குவித்தது ஞாபகம் இருந்தது. இருமல் சத்தம் ஞாபகம் இருந்தது. உள்ளங்கை வேர்வை ஞாபகம் இருந்தது. தாளை எடுத்த ஞாபகம் மட்டும் எங்கே தேடியும் வரவில்லை.

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அப்படியென்றால் தங்கைக்கு ஒன்றும் இல்லையா? இல்லை, ஆசையில் நானே கற்பனை பண்ணுகிறேனா? பிறை மாதிரித் துணுக்கு உலகத்தில் ஒன்றுதானா இருக்கும்? டாக்டரிடம் போய்ச் சொல்லி, சொன்னது பொய்யென்று ஆகிவிட்டால் தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது? மெய்யென்று ஆனாலும் தப்பு யாருடையது? ஏன் துடைக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றா? வேலையை விட்டுத் துரத்தினால்கூடப் பரவாயில்லை, கிறுக்கு என்று முத்திரை குத்திவிடுவார்களே. தங்கை கையை வைத்துப் பார்த்துக்கொண்டே தூங்காமல் கிடக்கிற காட்சிதான் கடைசியில் அவளை எழுப்பி டாக்டர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனது.

பெரிய டாக்டர் முழுக்கக் கேட்டார்.

"ஏன் துடைக்கல?"

"தண்ணியைப் பாத்துக்கிட்டு நின்னுட்டேன் டாக்டர்."

"தண்ணியிலே என்ன?"

"அதுல மிதந்தது… ரொம்ப அழகா இருந்துச்சு டாக்டர். கும்பிட்டுக்கிட்டு நின்னேன்." சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டப் போகிறார் என்று மெல்லிசு தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கும் அது ஓரமா ஒதுங்கிக் கிடந்தது கொஞ்சம் உறுத்துச்சு. ஊசியில எடுக்கறது சிதறித்தான் கிடக்கும்னு விட்டுட்டேன். உங்களைப் பத்தி அப்புறம் பேசறேன். இப்போ ரெண்டு பிளாக்கையும் மறுபடி வெட்டணும், உள்ள வரைக்கும். நீங்க தொடக்கூடாது. சாயம் போடறவரை வெட்டச் சொல்லுங்க."

சாயக்காரர் வாயே திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்ததே மெல்லிசுக்குப் பயத்தைக் கிளப்பியது. தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார். புதுக் கத்தி மாட்டினார். தங்கையின் பிளாக்கை முதலில் வெட்டி ஸ்லைடில் ஏற்றியதும், தாளைத் தண்ணீர் மேல் விரித்துத் துடைத்து, "பாத்துக்கோ" என்று அவள் பக்கம் காட்டினார். பிறகுதான் மற்றதைத் தொட்டார்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். 'இது அவளோடதா இருக்கக்கூடாது. அந்த இன்னொருத்தியோடதாவே இருக்கட்டும்.' மனசு இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. திடீரென்று, தான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. யாரோ ஒரு பெண்ணுக்கு இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறாளே! உடனே தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு இருந்தால் அது ஏற்கெனவே அவள் ரிப்போர்ட்டில் வந்திருக்கும், வைத்தியமும் தொடங்கியிருக்கும். நான் கேட்டதால் ஒன்றும் கூடவோ குறையவோ போவதில்லை. இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டாலும் மனசு மறுபடி அதையே கேட்டது.

சாயம் காய்ந்து ஸ்லைடுகள் டாக்டர் மேசைக்குப் போயின. டாக்டர் ஒன்றைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததை.

"உங்க தங்கச்சிக்கு ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர், மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமலே. "கடைசி வரைக்கும் வெட்டியாச்சு. சாதாரணக் கட்டி. பயப்படறதுக்கு இதுல எதுவும் கிடையாது."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. டாக்டர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா, காலில் விழலாமா என்று தெரியாமல் வராந்தாவுக்கு ஓடி வந்து தங்கையைப் போனில் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத கத்தல். "உன்னைக் கொன்னே போட்டுடுவேன்க்கா! உன் கையால வெட்டுன்னு சொன்ன என்னையும் சேத்துக் கொல்லணும்!" என்று என்னென்னவோ பிதற்றினாள். பார்லரில் எதையோ கீழே தள்ளி உடைத்த சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அது யாரோடதுக்கா?"

"உன்னோடதுக்கு முந்தின பிளாக்காரங்களோடது. யாருன்னு தெரியலை."

"பாவம்" என்றாள் தங்கை.

மெல்லிசு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். டாக்டர் இன்னும் எழுந்திருக்கவில்லை. மைக்ரோஸ்கோப்பில் வேறொரு ஸ்லைடு இருந்தது. பக்கத்தில் சாயக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் செத்துப் போயிருந்தது.

"அந்த முதல் பிளாக்குக்கு நான் என்ன ரிப்போர்ட் குடுத்தேன்னு தெரியுமா?" என்றார் டாக்டர். "ஒண்ணும் இல்லைன்னு குடுத்தேன்."

அவளுக்கு விளங்கவில்லை. டாக்டர் அந்த முதல் பிளாக்கின் பழைய ஸ்லைடைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நார் நாராகக் கீற்றுகள் இருந்தன. ஓரத்தில் பிறை இருக்க வேண்டிய இடம் காலி. தண்ணீரில் மிதந்தபோதே அந்தச் சீவலிலிருந்து பிறை மட்டும் பிரிந்து போயிருக்கிறது. பிரிந்து போனதுதான் தங்கையின் ஸ்லைடில் ஏறிக்கொண்டது. டாக்டர் கண்ணில் பட்டதெல்லாம் மிச்சம் இருந்த நல்ல கீற்றுகள். இப்போது புதிதாக வெட்டியதில் பிறை தன் இடத்திலேயே இருந்தது. அது நிறைய அதே ஊதாக் கொத்துகள்.

"எனக்கு அந்த அம்மாவைத் தெரியும்" என்றார் சாயக்காரர். "ஸ்கூல் வேன் ஓட்டறவங்க. ரிப்போர்ட் வாங்க அவங்களே வந்தாங்க, வண்டிச் சாவியை விரல்ல சுத்திக்கிட்டு. படிச்சுச் சொன்னதும் ஒரே சிரிப்பு. இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்னுட்டுப் போனாங்க."

மெல்லிசு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் ஒழுங்காகத் துடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிறை தாளில் ஒட்டிக் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். தங்கை ஒருநாளும் அழுதிருக்க மாட்டாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே வேன் ஓட்டிக்கொண்டிருப்பார், உள்ளே அது வளர்ந்துகொண்டே இருக்கும், ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. துடைக்காமல் நின்றதால்தான் இன்று தெரிந்தது. தான் மெய்மறந்து நின்றதா, தன்னை நிற்க வைத்ததா? வெறும் கவனக்குறைவாக இருந்துவிட்டால் தேவலை என்று நினைத்தாள். தப்பு செய்தேன், தண்டனை வாங்கிக்கொண்டேன் என்று போய்விடலாம். பின்னால் வந்து நின்றவர்தான் அவள் கையைக் கட்டிப்போட்டார் என்றால்? தன் தங்கையின் தூக்கத்தைப் பறித்து, அழ வைத்து, அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தார் என்றால்? அவ்வளவு கணக்குப் போடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. இந்த முறை திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

"நான் பேசினா அந்த அம்மா பயந்துடுவாங்க" என்றார் டாக்டர். "நீங்க கூப்பிடுங்க. வரச் சொன்னாப் போதும். சொல்ல வேண்டியதை நான் நேர்ல சொல்லிக்கறேன். தப்பு நம்ம லேபோடதுன்னும் சொல்லித்தான் ஆகணும்."

போன் நம்பரைச் சாயக்காரர் தேடிக் கொடுத்தார். இரண்டு முறை தப்பாக அழுத்தி மூன்றாவது முறைதான் சரியாக அழுத்தினாள். அந்தப் பக்கம் எடுத்தவுடன் எஞ்சின் உறுமலும் பிள்ளைகள் கூச்சலுமாகக் காதை அடைத்தது.

"யாருங்க? சத்தமாப் பேசுங்க, ஸ்கூல் வாசல்ல நிக்கறேன். டேய், கையை வெளிய நீட்டாதடா!"

"அம்மா, லேப்லேருந்து பேசறேன். நீங்க டெஸ்ட் குடுத்தீங்களே, அங்கேருந்து."

"லேபா?" அந்த அம்மா சிரித்தார். "அதான் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டீங்களே! என்னம்மா, அங்க எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?"

மெல்லிசு போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமாம்மா. உங்களோடது ஒண்ணு இங்க இருக்கு. நாளைக்குக் காலையிலேயே வந்துடுங்க. தனியா வராதீங்க."

அந்தப் பக்கம் எஞ்சின் நின்றது. பிள்ளைகள் மட்டும் ஒருவரையொருவர் கேலி செய்து கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஏதாவது சொல்வார் என்று மெல்லிசு போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.